மூன்றாம் வளைவில் பூசணிக்காய்

ராஜா முகமதுவுக்குப் பொதுவாகவே மனிதர்களைப் பிடிக்காது. கார் வைத்திருக்கும் மனிதர்களை இன்னும் கொஞ்சம் பிடிக்காது. பதினான்கு வருடம் அவர்களுடைய கார்களை ஓட்டியதில் சேர்ந்த வெறுப்பு அது.

சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். இருபது வயதில் மீன் வண்டியில் ஏறினார். பின்னால் பெட்டி நிறைய மீனும் ஐஸும் இருக்கும். அறந்தாங்கி தாண்டுவதற்குள் ஐஸ் பாதி உருகி, தண்ணீர் பெட்டிக்குள் அலம்பத் தொடங்கிவிடும். வளைவில் பிரேக்கை மிதித்தால் அத்தனை தண்ணீரும் முன்னால் ஓடிவரும். சட்டென்று காலை எடுத்தால் பின்னால் பாயும், கூடவே வண்டியின் பின்பக்கமும் பாயும். இரண்டு புளியமரங்களை உரசிய பிறகு, எடை எந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று அவருடைய முதுகுத்தண்டுக்குத் தெரிந்துபோயிற்று.

இருபத்தாறில் வளைகுடாவுக்குப் போனார். கார் பந்தயத் தளம் ஒன்றில் டயர் மாற்றும் வேலை. பந்தயம் இல்லாத நாட்களில் பணக்காரர்கள் தங்கள் ஸ்போர்ட்ஸ் கார்களைக் கொண்டுவந்து, கட்டணம் கட்டி, ஆசை தீர விரட்டுவார்கள். டிராக் டே என்று அதற்குப் பெயர். டயரும் பிரேக்கும் சூடாகாமல் அந்தக் கார்களை விரட்டக் கூடாது. ஆகவே காரின் சொந்தக்காரர் காபி குடித்து முடிப்பதற்குள் யாராவது இரண்டு சுற்று ஓட்டிச் சூடேற்றி வைக்க வேண்டும். அந்த யாராவதுதான் ராஜா முகமது. நானூறு கார்களுக்கு மேல் ஓட்டியிருப்பார். ஒன்றில்கூட மூன்றாவது சுற்று போனதில்லை. கார் சொன்னபடி கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் இறங்கிச் சாவியை நீட்ட வேண்டும். பந்தியில் பரிமாறியவனைப் பார்த்து நீ சாப்பிட்டாயா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் எந்தக் காரையும் இரண்டே சுற்றில் படிக்கக் கற்றுக்கொண்டார். முதல் சுற்றில் கார் பேசும், நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பிரேக் எங்கே பிடிக்கிறது, மூக்கு எவ்வளவு குனிகிறது, வளைவில் பின்பக்கம் என்ன முணுமுணுக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டாவது சுற்றில் நாம் பேசலாம். எல்லாக் காரையும் ஒரே மாதிரி ஓட்டுகிறவனை அவர் டிரைவர் என்று ஒப்புக்கொண்டதில்லை. எல்லாச் செருப்பிலும் ஒரே காலை நுழைக்கிற ஆள் என்பார்.

அந்தத் தளம் கைமாறியபோது நாற்பது வயதில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இலுப்பூர் பக்கம், ஓய்ந்துபோன கல் குவாரியை ஒட்டிய பொட்டலில், குவாரி ராசு என்பவர் ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்குச் சொந்தமாக ஒரு டிராக் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கார்கள் வரும். அங்கே ஓட்ட வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்தார்.

ஏற்கெனவே அந்த வேலையில் பிரவீன்குமார் இருந்தான். இருபத்தெட்டு வயது, கோயம்புத்தூரில் பயிற்சி முடித்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஷெட்டில் மாட்டியிருந்தான். ராஜா முகமதுவை முதல் நாளே "ரெண்டு ரவுண்டு பாய்" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டான். ராஜா முகமது அவனைக் கூப்பிடவே இல்லை. ஷெட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தண்ணீர் கேன் இருந்தது. ஒருவர் வைத்த ஸ்பானரை மற்றவர் தொடமாட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ராசு சொல்லிவிட்டார்: சம்பளத்துக்கு நிரந்தரமாக ஒருத்தர்தான். எந்த ஒருத்தர் என்பதைப் பூஜை அன்றைக்கு ஓட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். ராசு மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஊறியவர். எல்கைக் கல்லைத் தொட்டுத் திரும்புகிற மாட்டுக்குச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பார். நல்ல சாரதி எந்த மாட்டைப் பூட்டினாலும் ஓட்ட வேண்டும். ஆகவே மூன்று கார்கள், ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று. மொத்த நேரம் எவருக்குக் குறைவோ அவருக்கு வேலை. மஞ்சள் காரும் வெள்ளிக் காரும் ராசுவுடையவை. மூன்றாவது, திருச்சியில் எலும்பு டாக்டராக இருந்த ஹரிணியின் கறுப்புக் கார்.

ராஜா முகமதுவின் வீட்டில் அதே வாரம் ஒரு விசா வந்து உட்கார்ந்திருந்தது. பாலைவனத்தில் டிரெய்லர் லாரி ஓட்டும் வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஏஜெண்ட் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். மனைவி சம்சுன் நிஹார் அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மகள் ஹம்னா பத்தாவது படிக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து மொத்தமாக அவர் வீட்டில் இருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றாள் சம்சுன் நிஹார். பிறகு சொன்னாள்:

"இங்கன வேலை கெடைச்சா இருங்க மச்சான். இல்லாட்டிப் போங்க. ஆனா இந்தத் தடவை போனா, திரும்பி வர்றப்ப சாவி பக்கத்து வீட்டுல இருக்கும், நாங்க எங்க அத்தா வீட்டுல இருப்போம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

பூஜை அன்று காலை டிராக்கில் சாம்பிராணிப் புகை. கார்களுக்கு மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இது வரைக்கும் சரி. ஆனால் போன மாதம் மூன்றாம் வளைவில் ஒரு கார் கவிழ்ந்திருந்தது. கண் பட்டது வழக்கமாகப் பூசணிக்காய் உடைக்கிற கேட்டு வாசலில் இல்லை, அந்த வளைவில்தான் என்று ராசு முடிவு செய்திருந்தார். குங்குமமும் சில்லறையும் திணித்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய், கற்பூரம் கொளுத்தி, மூன்றாம் வளைவின் நடுவே ஓங்கி உடைத்தார். ஆட்கள் சில்லறையைப் பொறுக்கினார்கள். பெரிய துண்டுகளை விளக்குமாற்றால் தள்ளினார்கள். பூசணிச் சோறும் விதையும் தார்ச் சல்லியின் இடுக்கில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. வேகமாகப் போகிறவன் எந்தக் கோட்டில் போவானோ, சரியாக அதே இடம்.

மீன் தண்ணீர் சிந்திய ரோட்டில் ஆறு வருடம் ஓட்டியவருக்கு அதைக் குனிந்து தொட்டுப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் தொட்டுப் பார்த்தார்.

"மொதலாளி, தண்ணி லாரிய விட்டு இதக் கழுவிருவோம். அரை மணி நேரம் காஞ்சாப் போதும்."

ராசு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கழிச்ச திருஷ்டிய எவனாச்சும் கழுவுவானா? மறுபடி வந்து அங்கிட்டே ஒட்டிக்கிரும். ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது பாய், பேசாம இருங்க."

மஞ்சள் காரில் ஆரம்பித்தார்கள். சின்னது, எடை குறைவு, எஞ்சின் முன்னால், அதன் உதை பின்சக்கரத்துக்கு. அதை அதட்டக் கூடாது. பிரேக்கை லேசாகத் தொட்டு, வேகத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வளைவு முழுக்க உருட்டிக்கொண்டு போக வேண்டும். முதலில் போன பிரவீன் மூன்றாம் வளைவில் விதையின் மேலேயே ஏறினான். கார் ஒரு சாண் வழுக்கியது. அது அப்பாவிக் கார், தானாகவே நிமிர்ந்துகொண்டது. ராஜா முகமது விதையை விட்டு வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனார். ஒவ்வொரு சுற்றிலும் அங்கே நேரம் போயிற்று. அதைவிட மோசம், மூன்றாவது சுற்று. பழக்கதோஷத்தில் அவருடைய கால் தானாகவே தளர்ந்தது. சாவியைக் கொடுக்கிற நேரம் வந்துவிட்டதென்று உடம்பு நினைத்துக்கொண்டது. மொத்தத்தில் நாலு நொடி பின்னால் வந்தார்.

பிரவீன் ஷெட்டில் சாய்ந்து நின்று கேட்டான். "என்ன பாய், சுத்திச் சுத்திப் போறீக? மீன் வண்டி நெனப்பா? ஐஸ் உருகிருமேன்னு பயமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மூன்றாம் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது வெள்ளிக் கார். இதற்கு எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால். மூக்கில் எடையே கிடையாது. நேர்கோட்டிலேயே அழுத்திப் பிரேக் பிடித்து, வளைவுக்குள் நுழையும்வரை பிரேக்கில் காலைக் கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் மூக்கு குனிந்து கேட்கும். உள்ளே போன பிறகு என்ன நடந்தாலும் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பின்னால் இருக்கிற அத்தனை எடையும் முன்னால் வரப் பார்க்கும். நிறைபாரம் ஏற்றிய மீன் வண்டியேதான்.

இதிலும் பிரவீன்தான் முதலில். அதே கோட்டில் போவான், வழுக்கும், பயந்து காலை எடுப்பான். ராஜா முகமதுவுக்கு அது நடந்து முடிந்த காரியம் மாதிரித் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை அவருக்கு. சம்சுன் நிஹார் அலமாரியைத் திறந்து விசாவைக் கிழித்துப்போடுவாள். பேசாம இருங்க என்று முதலாளியே சொல்லியும் ஆயிற்று. அவன் ஹெல்மெட்டை மாட்டுகிறவரை பேசாமல்தான் இருந்தார். பிறகு அவரால் முடியவில்லை.

"ஏய். அந்தக் கோட்டுல போனா மூணாவது வளைவுல கவுந்து கெடப்ப. வழுக்குனாலும் கால எடுக்காத. எடுத்தா ஒன்ன அள்ளித்தான் கொண்டாரணும்."

எச்சரிக்கை என்று அதை எவரும் சொல்லமாட்டார்கள். சாபம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதே சொல்லைத் தம்பி என்று ஆரம்பித்திருந்தால் அவன் கேட்டிருப்பானோ, கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குரல் வந்ததோ என்று பின்னால் பல நாள் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நல்ல நாளும் பொழுதுமா வாயப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பிரவீன் கதவைச் சாத்தினான்.

இரண்டாவது சுற்றிலேயே நடந்தது. மூன்றாம் வளைவில் பின்சக்கரம் விதையைத் தொட்டது, இம்மி நகர்ந்தது, அவன் காலை எடுத்தான். கார் பம்பரமாக இரண்டு தரம் சுற்றி, பின்பக்கமாகப் போய், பழைய டயர்களை அடுக்கிய சுவரில் மோதி நின்றது. எல்லோரும் ஓடினார்கள். ராஜா முகமதுதான் முதலில் போய்ச் சேர்ந்தார், பெல்ட்டைக் கழற்றிவிட்டார். டாக்டர் அவனுடைய கழுத்தையும் தோளையும் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு முழுசாக இருக்கிறது, கழுத்து நாலு நாள் பிடித்துக்கொள்ளும், திமிரில்தான் லேசான விரிசல் என்றாள்.

அவன் எழுந்து நின்றதும் முதல் வேலையாக ராஜா முகமதுவை நோக்கிக் கையை நீட்டினான். "இந்தாளு நாக்குதாண்ணே. ஏறுறதுக்கு முன்னாடியே கவுந்துருவேன்னு சொன்னாரு. கருநாக்கு."

ராசு நசுங்கிய வெள்ளிக் காரைப் பார்த்தார், சிவப்பாகக் கிடந்த பூசணி விதையைப் பார்த்தார், கடைசியில் ராஜா முகமதுவைப் பார்த்தார். முந்நூறு ரூபாய்ப் பூசணிக்காயா, ஒரு மனுசனுடைய வாயா என்று அவர் மனதுக்குள் வழக்கு நடந்தது. பூசணிக்காயை உடைத்தது அவரே ஆனதால் தீர்ப்பு சீக்கிரமே வந்துவிட்டது.

"பாய், ஒங்க ஓட்டத்துல கொற சொல்லல. ஆனா நாலு பேரு காசு குடுத்து வர்ற எடம். இப்புடி ஒரு வாய வச்சுக்கிட்டு... நீங்க கெளம்புங்க. கணக்கு நாளைக்கு அனுப்பிர்றேன்."

ராஜா முகமது கையுறையைக் கழற்றினார். விதையைக் காட்டி விளக்கம் சொல்லத் தோன்றவில்லை. கெஞ்சுவது தெரிந்திருந்தால் வளைகுடாவிலேயே நல்ல வேலையில் இருந்திருப்பார். திங்கட்கிழமை ஏஜெண்டுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தார்.

"ராசு சார்" என்றாள் டாக்டர் ஹரிணி. "நான் காலையில கட்டுன காசுக்கு இன்னும் ஓட்டல. அவரை என் பக்கத்துல ஏறச் சொல்லுங்க."

"மேடம், இப்பத்தான அவரு நாக்கு..."

"அதனாலதான் கேக்குறேன். சொன்னா அப்படியே நடக்குதுல்ல? முன்கூட்டியே சொல்ற ஆளு பக்கத்துல இருந்தா எனக்கு நல்லதுதானே. சர்டிபிகேட் சொல்லலையே."

ராசு கேட்டைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார். அவருடைய நம்பிக்கையையே எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டாள்.

கறுப்புக் கார் வேறு சாதி. இரண்டு டன் எடை, டர்போ, உதை நான்கு சக்கரத்துக்கும். டாக்டர் முதல் வளைவிலேயே அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். மூக்கு வெளியே ஓடியது.

"யானையக் கட்டிக்கிட்டு முயலு மாதிரித் துள்ளாதீங்க" என்றார். "பிரேக்க முன்னாடியே புடிங்க. மெதுவா உள்ள போங்க. மூக்கு திரும்புற வரைக்கும் காத்திருங்க. காத்திருங்கங்கிறேன்ல. ம், இப்ப மிதிங்க."

"நீங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"ஆமா. மூணாவது வளைவு வருது. வெளிப்பக்கமாப் போங்க. வெத கெடக்கு."

அவள் வெளிப்பக்கமாகப் போனாள். இரண்டாவது சுற்றில் காரும் அவளும் சமாதானத்துக்கு வந்தார்கள். கோடு தாண்டியதும் ராஜா முகமதுவின் கை தன்னாலே பெல்ட்டுக்குப் போயிற்று.

"எங்க எறங்குறீங்க?" என்றாள் டாக்டர். "மூணாவது சுத்து யாரு போவா?"

ஐந்து சுற்று போனார்கள். கடைசிச் சுற்று முதல் சுற்றைவிடப் பதினோரு நொடி குறைவு. இறங்கியதும் அவள் ராசுவிடம், அடுத்த மாதம் தன்னோடு இன்னும் ஆறு டாக்டர்கள் வருவார்கள், அந்தக் கோபக்காரர் இருந்தால் மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரவீன் அதைக் கேட்காத மாதிரித் தன் கேனிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ராசு ஷெட்டுக்கு வந்தார். வேலை பாய்க்குத்தான், ஆனால் பிரவீனும் இருப்பான், அவன் கழுத்து சரியாகும்வரை சுற்றுக்கு டைம் குறிக்கட்டும் என்றார். ராஜா முகமது மூன்றாம் வளைவைக் காட்டினார்.

"ஒரு கண்டிசன். அடுத்த வருசம் பூசணிக்காய கேட்டுக்கு வெளிய ஒடைங்க."

"சம்பளத்துல வேணும்னா பாத்துச் செய்றேன். அத மட்டும் கேக்காதீங்க பாய்."

"அப்ப அன்னிக்கு எனக்கு லீவு."

"எடுத்துக்கங்க" என்றார் ராசு.

ராஜா முகமது வீட்டுக்குப் போன் செய்து, விசாவைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். சம்சுன் நிஹார் ஜெயித்தீர்களா என்று கேட்டாள். இல்லை, நாலு நொடியில் தோற்றேன் என்றார். பிறகு சுரண்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் வளைவுக்கு நடந்தார். விதை காய்ந்து இறுகியிருந்தது. அவர் குத்துக்காலிட்டுச் சுரண்டுவதைப் பிரவீன் ஷெட்டு வாசலில் நின்று பார்த்தான், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி உள்ளே போய்விட்டான்.