மதிலுக்கு நடந்த தேர்தல்

பிள்ளைகளே, என் மகள் பிளஸ் ஒன்னில் அரசியல் பாடம் எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பத்தோடு நிறுத்தியவன். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. காமர்ஸ் படித்தால் கடைக்கு ஆகும். அரசியலை வைத்துக்கொண்டு பருப்பு விற்க முடியுமா? பிரிவு மாறக் கடைசி நாளுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அவள் அசைவதாக இல்லை.

அப்போது கார்ப்பரேஷன் தேர்தல் வரப்போகிற சமயம். மலையாளம் பேசும் எங்கள் ஊரில் அது முதலில் தெரிவது மதில்களில்தான். கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து, மூலையில் 'புக்டு' என்று எழுதிவிட்டால் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டு மதிலை அன்று காலையில் ஒரு கட்சிக்காரர் கேட்டார், சரி என்றேன். மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர் கேட்டார். அவருக்கும் சரி என்றேன். இருவரும் என்னிடம் அரிசி வாங்குகிறவர்கள். கடைக்காரன் வாயில் 'இல்லை' அவ்வளவு சுலபமாக வராது.

சாயங்காலம் இருவரும் வாளியும் பிரஷுமாக ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, இது என்ன ஏர்ப்பாடு? எனக்கல்லே தந்தது?"

"போங்க சேட்டா, வாக்கு தந்தது எனக்காக்கும்."

நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் ஒன்றும் இல்லை. மகள் வெளியே போனாள்.

"மதில் யாருக்குன்னு வீட்டுல வோட்டுப் போட்டுச் சொல்லிருதோம். சம்மதமா?"

வோட்டு வேண்டாம் என்று கட்சிக்காரர் எப்படிச் சொல்வார்? தலையாட்டினார்கள்.

"உன் வோட்டு யாருக்குட்டி?" என்றாள் வாசலுக்கு வந்த என் மனைவி.

"எனக்குப் பதினெட்டு ஆகல்லல்லா. நான் தேர்தல் அதிகாரி."

நான் வெளியே வந்ததும் கட்சிக்காரர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். "நான் நடுநிலை" என்றேன்.

"அப்பா வோட்டுப் போடல்ல" என்று மகள் சத்தமாக அறிவித்தாள்.

"போன தடவை எழுதுனதச் சொரண்டியே என் கை போச்சு. ரெண்டு பேருக்கும் கிடையாது" என்றாள் மனைவி.

விழுந்தது ஒரே வோட்டு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"மோள் கொள்ளாமல்லோ!" என்று மகளை மெச்சிச் சிரித்துக்கொண்டே இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரிசி வியாபாரத்துக்குச் சேதமில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"காமர்ஸா அரசியலாங்கதையும் வோட்டுக்கு விடுவோம் மக்ளே. எனக்கொண்ணு, அம்மைக்கொண்ணு. உனக்குத்தான் பதினெட்டு ஆகல்லியே."

"அது முடியாதுப்பா. படிக்கப் போறது நான்லா? அது உரிமை. உரிமைய வோட்டுக்கு விட முடியாது."

"இது எங்க எழுதியிருக்கு?"

"ரெண்டாம் பாடத்துல."

கடைசி நாளும் போயிற்று, அவள் மாறவில்லை. அந்தப் புத்தகத்தில் இன்னும் எத்தனை பாடம் மிச்சம் என்று கேட்க நினைத்தேன். பதிலுக்குப் பயந்து கடையைத் திறக்கப் போய்விட்டேன்.