இஸ்தான்புல்லுக்குக் கட்டிய பெட்டி

என் மனைவி டெல்லியில் ஓர் அரசுப் பள்ளியின் சரித்திர ஆசிரியை. ஐம்பத்தேழாவது வயதில், இஸ்தான்புல்லில் நான்கு வாரக் கோடைகாலப் படிப்புக்கு விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்துவிட்டது. வருடாவருடம் வகுப்பில் அந்த நகரத்தின் 1453 வீழ்ச்சியைப் பாடமாக நடத்தியவள். "ஒரு தடவையாவது அது நின்னுட்டிருக்கறதப் பாக்கணும்" என்றாள்.

நான் ஓய்வு பெற்ற நிர்வாக அதிகாரி. அரசு ஊழியர் குடியிருப்பான கிட்வாய் நகரில் இருந்த காலத்தில், விடுப்பு விதியில் சந்தேகம் என்றால் பக்கத்து பிளாக்கிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். டீ கொடுத்து, விதி எண் சொல்லி அனுப்புவேன். இப்படி ஒருவன் வீட்டிலேயே இருப்பது அவளுடைய அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அரசு ஆசிரியை வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேண்டும். அதைக் கேட்டுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவள் சொன்னாள்: "லீவுலதானே போறீங்க, ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, ஜல்தியா மேல அனுப்பிடறேங்கறாங்க பிரின்சிபால் மேடம். மத்த விவரமெல்லாம் கேட்டாப் பாத்துக்கலாமாம்."

"கேட்டாப் போடறதுக்கு இது என்ன பந்தியா?" என்றேன்.

நானே எழுதினேன். ஐந்து பக்கம், ஏழு இணைப்பு. தங்குமிடத்தை அங்குள்ள பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிறது என்பதை, யாரும் கேட்காமலே, தனிப் பத்தியாகக் கொடுத்தேன். வெளிநாட்டு விருந்தோம்பலுக்குத் தனி அனுமதி வேண்டும். கோப்பு அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு வேறோர் அலுவலகத்துக்குப் போனது. விளக்கம் கேட்டார்கள். மறுநாளே பதில் எழுதினேன். பதில் அவ்வளவு விரிவாக இருந்ததால், அதிலிருந்தே மேலும் மூன்று விளக்கங்கள் கேட்டார்கள். அவற்றுக்கும் எழுதினேன், உற்சாகமாகவே.

அவள் பெட்டி கட்டி வைத்துக் காத்திருந்தாள். ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வந்தபோது, அங்கே வகுப்புகள் மூன்றாவது வாரத்தில் இருந்தன.

அவள் கோபப்படவில்லை. "இத வச்சு அடுத்த வருஷம் போலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அனுமதி அந்தத் தேதிகளுக்கு மட்டுமே. இரண்டாம் பத்தியில் தெளிவாக இருந்தது.

"தாராளமா. ஒரு வருஷம் செல்லும்" என்றேன்.

விதி விஷயத்தில் நான் அறிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. விதியை நான் சொன்னால் அவளுக்கு அதுவே போதும். கடிதத்தை பாஸ்போர்ட்டோடு பெட்டியின் மேலாக வைத்துப் பூட்டினாள்.

டிசம்பரில் நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கேட்டாள்.

"அந்தப் பெட்டியில அடியில இருக்கு. சாயங்காலம் கடல்காத்து குளிரும்னு எடுத்து வச்சேன். மத்ததக் கலைச்சிடாதீங்க. மறுபடி யாரு அடுக்கறது?"

கலைக்காமல் உருவினேன்.

எட்டாம் நாள் அந்த ஸ்வெட்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அடுத்து வந்த இறப்புச் சான்று, குடும்ப ஓய்வூதியப் படிவங்களை எல்லாம் நான்தான் நிரப்பினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துப் பெட்டியைத் திறந்தேன். இருந்த இடத்தில் வைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்து மூடினேன்.