தேர் நிலைக்கு வரும்வரை

மார்கழி பிறந்துவிட்டால் வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் ஜில்லா மேல் பாசம் பொங்கிவிடும். புதுச்சேரியில் வந்து இறங்குவார்கள், சிதம்பரத்துக்குப் போய்த் தேர் பார்ப்பார்கள், திரும்பும் வழியில் கடலூரில் கிராமியக் கலை பார்ப்பார்கள். அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சுற்றிய ஒரு டூர் கம்பெனிக்காரர், 2009 மார்கழியில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மேடை போட்டு, சுற்றுவட்டாரத்துப் பறை செட்டுகள் அத்தனையையும் தேரன்றைக்குத் திரட்டினார். எனக்கு மைக் பிடிக்கிற வேலை. சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்கள் காலனியில் இங்கிலீஷில் கோர்வையாக நாலு வார்த்தை பேசத் தெரிந்தவன் அப்போது நான்தான்.

எங்கள் ஊர் செட்டுக்கு மாமா தலைவர். என் அத்தையைக் கட்டியவர். அத்தை பல மாதமாகப் படுத்த படுக்கை. அன்று காலையில் நாங்கள் கிளம்பும்போது மட்டும் தலையைத் தூக்கி, "டேய் இங்கிலீசு, வெள்ளக்காரி எவளையாச்சும் கூட்டிகிட்டு வந்துடாத. அவளுக்கெல்லாம் என்னால சோறாக்கிப் போட முடியாது" என்றது.

மைதானத்தில் பறைகளைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சின்ன அத்தை போன் செய்தது. அத்தை போய்விட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்காரன் அன்றைக்குப் பறையைத் தொடக்கூடாது, பங்காளிகளும் தொடமாட்டார்கள். வேறு ஊர் செட்டு வந்துதான் அடிக்கவேண்டும். எத்தனையோ வீட்டுச் சாவுக்கு அடித்த மனுஷன் மாமா. அவர் பெண்டாட்டிக்கு அடிக்கக்கூடிய அத்தனை பேரும் அன்று அந்த மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாமா அழவில்லை. நேராக வெள்ளாற்றுக்கு அக்கரை ஊர்த் தலைவரிடம் போனார். "மச்சான், வூட்ல போயிடுச்சு. நீ வந்து அடிக்கணும்."

அவர் ஒன்றும் கேட்காமல் பறையைத் தோளில் மாட்டினார். "கெளம்பு மச்சான்."

கம்பெனிக்காரர் ஓடிவந்தார். "தேர் நிலைக்கு வந்ததும் பஸ் சிதம்பரத்துலேருந்து கெளம்பிடும். ஒரு ரவுண்டு அடிச்சிட்டுப் போங்களேன். இப்ப போற செட்டுக்கு இனிமே எந்த சீசன்லயும் மேடை கெடையாது, சொல்லிட்டேன்."

தலைவர் தன் பையன்கள் முகத்தைப் பார்த்தார். பறையைக் கீழே இறக்கினார். எனக்கு அந்தத் தலைவரைச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. மாமா என் கையைப் பிடித்தார். "அவன கோச்சிக்காத மாப்ள. அவன் பசங்களும் சாப்டணும்ல? பஸ் வந்ததும் அடிச்சிட்டு வரட்டும்."

மாமாவை முதலில் வீட்டுக்குப் போகச் சொன்னேன். "மேளம் இல்லாம எந்த மூஞ்சிய வச்சிகிட்டுப் போவேன்?" என்றார்.

அத்தைக்கு உடம்பெல்லாம் படுக்கைப் புண், ராத்திரிவரை வைத்திருக்க முடியாது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து போன்மேல் போன். நான் கம்பெனிக்காரரை நச்சரிப்பேன், அவர் பஸ் டிரைவரைக் கூப்பிடுவார். தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை என்று ஒரே பதில்தான். அவ்வளவு பெரிய ஊர்வலத்தை யார் போய் அவசரப்படுத்துவது?

பஸ் வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. வந்தவர்களுக்குப் பூமாலை, இளநீர், வரவேற்புரை. மாமா வானத்தைப் பார்த்தார். ஊரில் எடுக்கும் நேரம். பிறகு எழுந்து, பறையை மாட்டிக்கொண்டு தனியாக மேடை ஏறினார். எங்கள் செட்டில் ஒருவரும் அசையவில்லை.

அடித்தது சாவு அடி. கீழே நின்ற செட்டுக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராகத் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். அக்கரைத் தலைவர் தேம்பிக்கொண்டே மேடை ஏறிச் சேர்ந்து அடித்தார், பின்னாலேயே அவர் ஆட்களும். வெள்ளைக்காரர்களுக்குக் குஷி தாங்கவில்லை. ஒரு அம்மாள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்தாள். விளக்கம் சொல்லு, விளக்கம் சொல்லு என்று கம்பெனிக்காரர் எனக்கு ஜாடை காட்டினார்.

சொன்னேன். இவர் மனைவி இன்று காலை இறந்துவிட்டார், இது அவருக்காக அடிக்கும் அடி என்று இங்கிலீஷில் தெளிவாகவே சொன்னேன். ஆடியவள் நின்றாள். அப்புறம் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு கதை என்று நினைத்துவிட்டார்கள்.

நாங்கள் காலனியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. புதைத்துவிட்டு ஆட்கள் திரும்பியிருந்தார்கள். அக்கரை செட்டும் எங்களோடு வந்து, பறைகளைத் தோளில் மாட்டியபடி தெருமுனையில் நின்றது. சின்ன அத்தை மாமாவைக் கட்டிக்கொண்டு கதறியது.

"மேளமே இல்லாம எடுத்துட்டோமே மாமா."

"அடிச்சாச்சும்மா."

"அக்கா கேக்கலியே மாமா."

"வெள்ளக்காரங்க கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு மாமா கை கால் கழுவப் போனார்.