பூச்சிக்கு ஒட்டிய மீசை

திண்டிவனம் மாதா கோயில் பங்களாவில் சமையல் வேலை பார்த்த சவுரிராயன் செய்தது சின்னத் தப்புதான். அதை மறைக்கப் போய்த்தான் பெரிய பாவியானான்.

1936 மே மாதம் பிரெஞ்சுக்காரரான பங்குச் சாமியாரோடு நீலகிரிக்குப் போயிருந்தான். எட்டாயிரம் அடி உயரத்துப் புல்வெளியில் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு நாள் ஓடி, துள்ளித் துள்ளிப் பறக்கும் ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தார். ஊர் திரும்பியதும் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

பூச்சிகளைக் குத்தி வைத்திருக்கும் பெட்டியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார். சவுரிராயன் தூசி தட்டுகிறேன் என்று திறந்தான். காய்ந்த பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு மீசையும் உதிர்ந்து காற்றோடு போயின. வீட்டில் நாலு பிள்ளைகள். பயந்துபோய், வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் அதே சாயலில் துள்ளிய வேறொன்றைப் பிடித்து, அதன் மீசையைப் பிசின் வைத்து ஒட்டிவிட்டான்.

காய்ச்சல் தெளிந்து லென்ஸில் பார்த்த சாமியாரின் வயதான கண்ணுக்குப் பிசின் தெரியவில்லை. "மீசையைப் பாரு சவுரி. இது உலகத்துல யாரும் பார்க்காத ஜாதி" என்று சிரித்தார். புது ஜாதி கிடைத்திருப்பதாகப் பாரிசில் இருந்த பூச்சி ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுதி வைத்தார்.

சவுரிராயனுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை கோயிலில் அதே சாமியாரிடம், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டான். அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே எடுக்கக் கூடாது, அதை வைத்து வேலையை விட்டு நீக்கவும் கூடாது. அது தெரிந்துதான் போனான், கெட்டிக்காரன்.

மீசை ஒட்டியதைச் சொல்லி முடித்ததும், திரைக்கு அப்பாலிருந்து சாமியார் சொன்னார்.

"இதையே வெளியில வந்து என்கிட்ட சொல்லு. நீ சொல்லாம அந்தக் கடிதத்தை நான் நிறுத்த முடியாது."

"சொல்றேங்க சாமி."

திங்கட்கிழமை காலை சாமியார் காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். சவுரிராயன் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவர் தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை நீட்டினார். சவுரிராயன் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

மறு வருஷம் பாரிசில் பூச்சியை வரவழைத்துப் பார்த்தவர்கள், ஒட்டுவேலை செய்த மோசடிக்காரர் என்று சாமியாரின் பெயரைப் போட்டு அச்சடித்தார்கள். அவர் பதில் எழுதவில்லை, மலைக்கும் போகவில்லை. சவுரிராயன் தினமும் அவருக்குப் பரிமாறினான். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று வெட்கமில்லாமல் தள்ளிப்போட்டான்.

1944-ல் சாமியாருக்குப் பக்கவாதம் வந்து விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். இனி வேலையை விட்டு நீக்க அவரால் ஆகாது என்ற பிறகுதான் இவனுக்கு வாய் திறந்தது.

"அந்த மீசைய ஒட்டினது நான்தாங்க சாமி. இப்ப எழுதிப் போடுங்க."

சாமியார் அவனையே பார்த்தார். "எழுதலாம். கை வரலியே, சவுரி."

சவுரிராயனுக்கு எழுதத் தெரியாது.