இருபத்து மூன்று பெயர்களின் வரிசை

காரைக்குடியில் அழைப்புப் பத்திரிகை வடிவமைக்கும் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செம்மலைக்கு நாற்பத்தாறு வயது. கோயில் பத்திரிகையில் யார் பெயர் யாருக்கு மேலே என்பதில்தான் கிராமங்களில் மண்டை உடையும். செம்மலையிடம் கொடுத்தால் வரிசை மாறாது, வெளியிலும் கசியாது என்று அவர் பேர் வாங்கியிருந்தார்.

காளையார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றின் கும்பாபிஷேகத்துக்கு இருபத்து மூன்று பெயர்கள். மூன்று கூட்டம் போட்டு ஒருவழியாக வரிசை முடிவானது. ஊர்த் தலைவரான அம்பலம் முத்துராமலிங்கம் அதை எழுதிய தாளோடு கடைக்கு வந்தார். செம்மலை டைப் அடித்து முடித்ததும் அம்பலம் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"தாளு ஊருக்குள்ள கெடந்தா எவனாச்சும் திருத்திக் கொண்டாந்து நிப்பான். ஒன் கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கட்டும்."

கும்பாபிஷேகத்துக்கு நல்ல நேரம் குறித்து வரவேண்டியிருந்ததால் அச்சுக்குப் போகவில்லை. அதற்குள் வடிவமைப்பு சாப்ட்வேர் லைசென்ஸ் கேட்டு நின்றுவிட்டது. சிவகங்கைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் அக்கா மகள் நித்யஸ்ரீ போனில் சொன்னாள்.

"வாங்க மனசில்லைன்னா விடுங்க மாமா. சட்டப்படி இலவசமாவே கெடைக்கிறது இருக்கு. நாலு நாள் பழகுனா கைக்கு வந்துரும்."

செம்மலைக்கு அந்த நாலு நாள் பெரிதாகப் பட்டது. லைசென்ஸ் பூட்டை உடைக்கும் ஒரு கிராக்கை இணையத்திலிருந்து இறக்கினார். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கு என்றது அது. திருட வந்தவன் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் யாராவது கட்டுவார்களா? இவர் கட்டினார்.

மறுநாள் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் திறப்போம் என்று திரையில் மிரட்டல். நகல் வைத்திருந்த பென் டிரைவும் செருகியபடியே இருந்ததால் அதுவும் போயிற்று. பணம் கட்டினாலும் திறப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை என்றாள் நித்யஸ்ரீ.

வரிசை செம்மலைக்கு மனப்பாடம்தான். ஊருக்குப் போய் அம்பலத்திடம் விஷயத்தைச் சொல்லி, பெயர்களை ஒப்பிக்க வாயெடுத்தார். அவர் கையமர்த்தினார்.

"வாயால சொன்னா யாரு நம்புவாக? எந்த வீட்டுக்காரன் சொல்லிக்குடுத்தான்னு கேப்பாக."

"நெசமாவே அதுதான் வரிசைங்கய்யா."

"எனக்குத் தெரியும்ப்பா. ஊருக்கு?"

மறுபடி கூட்டம் போட்டார்கள். முடிந்த சண்டையெல்லாம் முதலிலிருந்து கிளம்பியது.

மூன்று வாரம் கழித்து அந்த ஊர்க்காரர் பெத்தன் என்பவர் கடைக்கு வந்து ஒரு பத்திரிகையை நீட்டினார். ஒரு பெயர்கூட இல்லை. 'கிராமப் பொதுமக்கள்' என்று மட்டும் போட்டிருந்தது. அடியில் சிவகங்கை அச்சகம் ஒன்றின் முகவரி.

"எல்லாரும் அவசியம் வந்துருங்கண்ணே," என்றார் பெத்தன், முன்பின் தெரியாதவர்களை அழைக்கிற மாதிரி.