அடுத்த மாசத்துப் பந்தி

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கோயிலில் நற்கருணை. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் மூடியிருக்கிற வெள்ளைத் துணியை எங்கள் போதகர் ஐயர் எடுத்ததும், முதல் பந்திக்காரர்கள் எழுந்து முன்னால் போய் முழங்கால் போடுவார்கள். அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். வேப்பமரத்தடியில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைசிப் பாட்டுக்குத்தான் உள்ளே வருவார்.

பெண்கள் கேலி பண்ணுவார்கள். "இன்னா தம்பி, செருப்புக்குக் காவலா?"

"ஆமாக்கா. போன மாசம் ஒரு ஜோடி காணாம பூட்ச்சே, அதான்" என்று சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது.

காரணம் எனக்குத் தெரியும். அவருக்கு ஒரே ஒரு அண்ணன். அடுத்த தெரு. எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு காலத்தில் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்தபோது, ஒரு இரும்புக் கம்பெனியில் வீட்டுக்கு ஒருத்தரை பர்மனென்ட்டாக எடுக்கிறோம் என்றார்கள். "சின்னவன் போவட்டும்" என்று மாமனார் சொல்லியிருந்தார். பேர் கேட்டு ஆள் வந்த அன்று இவர் ஊத்துக்கோட்டை போயிருந்தார். அண்ணன் தன் பேரைக் கொடுத்துவிட்டார். இவருக்குக் கடைசிவரைக்கும் அங்கேயே காண்ட்ராக்ட் கூலிதான். ஒரே கேட்டில் இரண்டு பேரும் நுழைவார்கள், முகம் பார்க்க மாட்டார்கள்.

மனசில் பகையை வைத்துக்கொண்டு பந்தியில் கை நீட்டக் கூடாது என்று எங்கள் சபையில் கண்டிப்பாகச் சொல்லுவார்கள். அதை இவர் பயத்தோடு பிடித்துக்கொண்டார். ஐயர் ஒருமுறை கேட்டதற்கு, "பொய்யா வாங்கறதவிட வாங்காம நிக்கறது மேலு ஐயரே" என்றார். எனக்கு அது பெரிய பக்தியாகத்தான் தெரிந்தது. அப்புறம் போகப் போகத்தான் புரிந்தது. அந்த மரத்தடி அவருக்குச் சௌகரியமாகிவிட்டது. அங்கே நின்றால் அண்ணனிடம் போக வேண்டாம். ஆண்டவரிடம் பொய் சொன்ன மாதிரியும் ஆகாது.

"போயி ஒரு வார்த்த பேசிட்டு வந்துடுங்களேன்" என்பேன்.

"பேசறேன்மே. அடுத்த மாசம் பந்திக்குள்ள பேசிடறேன். அவன் எங்க போயிடப் போறான், அடுத்த தெருதானே?"

ஒரு ஈஸ்டர் அன்றைக்கு நிஜமாகவே கிளம்பினார். சட்டை மாற்றி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். போன வேகத்திலேயே பழத்தோடு திரும்பி வந்தார்.

"இன்னாங்க, பேசலியா?"

"அவன் மருமவன் வூட்டு ஆளுங்க வேப்பம்பட்டுலருந்து வந்துகிறாங்க. அத்தினி பேரு எதிர்ல இன்னான்னு பேசறது? இன்னொரு நாளு போறேன்."

அந்தப் பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

கொஞ்ச நாளில், கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த இவர் அங்கேயே விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவர் அண்ணன் வந்தார். எனக்கு அவர் மாமா முறை. அவர் எதிரில் நின்று பேசிப் பழக்கமில்லை. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் தம்பி, நான் பண்ணது தப்புடா. என் மனசுல ஒண்ணியும் இல்ல. உன் மனசுல இருக்கறதயும் தூக்கிப் போட்டுட்றா."

இவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாயைத் திறந்து, "அ... அ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க எத்தனையோ தரம் முக்கிப் பார்த்தார். அண்ணா என்கிற அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை.

அதிலிருந்து மாமாதான் வந்து கஞ்சி ஊட்டினார். அண்ணன் கையால் கொடுத்தால் குழந்தை மாதிரி வாயைத் திறப்பார்.

ஐயர் ஒருநாள் வீட்டுக்கே அப்பமும் ரசமும் கொண்டு வந்தார். இவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நல்ல கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் அண்ணனைக் காட்டினார். இன்னும் நான் சொல்லவில்லையே என்கிறார். எல்லாருக்கும் புரிந்தது.

"ஆண்டவர் மனசைப் பாக்கறாரு, வாங்கிக்கப்பா" என்றார் ஐயர்.

"வாங்கிக்கடா, என் கண்ணு" என்று மாமா கெஞ்சினார்.

இவர் பல்லைக் கடித்தபடி தலையை ஆட்டினார். ஐயர் அப்பத்தைத் திரும்ப மூடி வைத்தார். "அவசரப்படுத்த வேணாம். அடுத்த வாரம் வரேன்" என்றார். அடுத்த வாரம் ஐயர் இவருடைய அடக்க ஆராதனைக்குத்தான் வந்தார்.

கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் ஜெபிக்கக் கண்ணை மூடினால் அந்த மூடின வாய்தான் வருகிறது.

அடுத்த முதல் ஞாயிறு. ஐயர் வெள்ளைத் துணியை எடுத்தார். ஆண்கள் பக்கத்தில் மாமா எழுந்தார். முன்னால் போகவில்லை, வெளியே போனார். வேப்பமரத்தடியில் இவர் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எப்படி எழுந்தேன், எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியவில்லை.

"மாமா, உள்ள வாங்க" என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசின முதல் பேச்சு அதுதான்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவன் சோத்தப் புடுங்கினவம்மா நானு. இன்னிக்கு மனசு சரியில்ல. அடுத்த மாசம் வாங்கிக்கறேன்."

"அவரும் இதேதான் மாமா சொன்னாரு. இதே எடத்துல நின்னுக்கினுதான் சொன்னாரு."

அவ்வளவு பெரிய மனிதர், வண்டிகளுக்கு நடுவில் வாய்விட்டு அழுதார். உள்ளே கடைசிப் பந்தியும் எழுந்துகொண்டிருந்தது. நான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். வந்தார்.

ஐயர் அப்பத்தை மூடத் துணியைக் கையில் எடுத்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் மடித்துக் கீழே வைத்தார். இரண்டு பேரும் ஓரமாக முழங்கால் போட்டோம். மாமா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார். என் கையிலும் அப்பத்தை வைத்தார்கள். வாயில் போட்டுக்கொண்டேன்.

கண்ணை மூடினதும் அவருடைய அந்த மூடின வாய்தான் வந்தது, விழுங்க முடியவில்லை. ஐயர் கிண்ணத்தோடு காத்துக்கொண்டு நின்றார்.