வெட்டாமல் வந்த பக்கங்கள்

யுத்த காலத்தில் ஹைதராபாத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். சீமையிலிருந்து ஆராய்ச்சி இதழ்கள் கப்பலில் வந்து சேரப் பல மாதம் ஆகும். மடித்த தாள்களை ஓரம் வெட்டாமலே தைத்து அனுப்பிவிடுவார்கள். நாம்தான் வெட்டிப் பக்கங்களைப் பிரிக்க வேண்டும்.

அந்த வேலையை ரசாயன ஆசிரியர் ஒருவர் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். மெட்டுகுடாவிலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லி உடம்பு, அமிலம் பட்டு மஞ்சளான விரல்கள். மூங்கில் கத்தியால் கடைசிப் பக்கம்வரை வெட்டிய பிறகுதான் படிக்கவே ஆரம்பிப்பார்.

ஒருநாள் பாதியில் கத்தி நின்றது. ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார்?" என்றேன்.

"நாலஞ்சு வருஷமா நான் பண்ணிட்டிருக்கிற வேலை. அங்க ஒருத்தர் முடிச்சு அச்சிலயே போட்டுட்டார்."

"அதேவா?"

"ஹவ், அதேதான். இது கப்பல்ல வந்துட்டிருந்தப்ப நான் இங்க சோதனைக் குழாய் கழுவிட்டிருந்திருக்கேன்."

மிச்சப் பக்கங்களையும் வெட்டினார். மேசையில் உதிர்ந்த காகிதத் தூளைக் கையால் கூட்டியெடுத்துவிட்டுப் போனார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த இதழ் வந்த அன்றே வந்தார். கடைசிப் பக்கம்வரை வெட்டி, கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, படிக்காமல் சைக்கிளை எடுத்தார். அப்புறம் வந்த எல்லா இதழுக்கும் அப்படித்தான். அவர் வெட்டி வைத்ததை மற்றவர்கள் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.